சாமிக்குப் பின்னால் நிற்கும் மலை

ரமணாசிரமத்து வாசலைக் கடந்து செங்கம் சாலைக்கு வந்தால் வரிசையாகப் படக்கடைகள். பிரேம் போட்ட ரமணர், பிரேம் போட்ட சேஷாத்ரி சுவாமிகள், தீபம் எரியும் உச்சி, முழுநிலவில் மலை. பெரும்பாலானவை ஒளிப்படங்கள். சில, ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தவை. அவற்றில் ஒரு வகை என்னை எப்போதும் நிறுத்திவிடும். முன்னால் லிங்கமோ ரமணரோ பெரிதாக இருப்பார். பின்னால் நீலம் தோய்ந்த மலை, அடிவாரத்தில் பச்சை, இடையில் வெள்ளிக்கோடாய் ஒரு நீர்நிலை, மேலே ரோஜா நிற மேகம். அந்த மேகமும் தூரத்து நீலமும் திருவண்ணாமலையில் பிறந்தவை அல்ல. அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

விக்டோரியா அரசியாக இருந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் நிலக்காட்சி ஓவியத்துக்கு இருந்த மதிப்பு இன்று நமக்கு எளிதில் புரியாது. ஆலை முதலாளிகள் வீட்டுச் சுவரில் மலையும் ஏரியும் கேட்டார்கள். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்து மூடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த தைலவண்ணம், துளையிட்டபின் சீக்கிரமே காய்ந்துவிடும். குழாய் வந்தபின் ஓவியர் வண்ணப்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எந்த மலைக்கும் போகலாம். அந்தப் பெட்டிக்குள் நம் நாடும் கொஞ்சம் இருந்தது. மாவிலை மட்டுமே தின்ற பசுக்களின் சிறுநீரிலிருந்து பிகாரில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட 'இந்திய மஞ்சள்' ஆங்கில ஓவியர்களின் மாலை வெயிலுக்குப் பயன்பட்டது.

அதே காலத்தில்தான் அவர்கள் இந்த நாட்டை ஆண்டார்கள். வண்ணம் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, பயணத்துக்குத் தடையில்லை. அப்படியிருந்தும் தமிழ் நிலத்தைத் தைலவண்ணத்தில் வரைந்த படங்களைத் தேடினால் கைக்கு அகப்படுபவை மிகக் கொஞ்சம். ஏன் என்பதும், அந்தக் கலை இங்கே வந்து என்ன ஆனது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்த கேள்விகள்.

விக்டோரியாவுக்கு முன்பே வந்த ஓவியர்கள் உண்டு. 1780இல் சென்னைக்கு வந்த வில்லியம் ஹாட்ஜஸ், ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கிவிட்டதால் உள்நாட்டுக்குப் போகமுடியாமல் கோட்டைப் பக்கமே கிடந்தார். 1792-93இல் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் தெற்கே கன்னியாகுமரிவரை சுற்றினார்கள். அவர்களுடைய அச்சுப்படங்கள்தான் தஞ்சை, மதுரை, ராமேசுவரத்தை ஐரோப்பியர் கண்ணில் பரவலாகப் பதித்தவை. அந்தத் தலைமுறை ஆங்கிலேயர் திருவண்ணாமலையைப் போர்க்களமாக அறிந்திருந்தனர். 1767 செப்டம்பரில் ஹைதர், நிஜாம் படைகளோடு கும்பினிப் படை மோதிய இடம் இது. படைப்பிரிவுகளின் வரலாற்றில் 'திரினோமலி' என்று இந்த ஊர்ப்பெயர் வரும்.

விக்டோரியா காலத்துக்கு உரியவர் என்று நான் முதலில் எடுத்துக்கொள்ள விரும்புவது எட்வர்டு லியரை. 1812இல் பிறந்தவர், வீட்டில் இருபதாவது குழந்தை. அர்த்தமில்லாப் பாட்டு எழுதியவர் என்று பள்ளிப் பாடத்தில் நமக்கு அறிமுகமானவர் அவரே. ஆனால் தன்னை அவர் நிலக்காட்சி ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார். 1846இல் விக்டோரியா அரசிக்கே வரையக் கற்றுக்கொடுத்தவர். நாற்பதாவது வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஓவியர் ஹோல்மன் ஹன்ட்டிடம் போய் உட்கார்ந்து தைலவண்ண முறையைக் கற்றுக்கொண்டார். இளையவரிடம் கற்பதற்கு அவர் கூசவில்லை என்பதாலேயே அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

வைசிராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கிய லியர், 1875 ஜனவரிவரை இந்தியாவையும் இலங்கையையும் சுற்றினார். அப்போது வயது அறுபத்தொன்று. வலிப்பு நோய் உண்டு, கண்ணும் மங்கிவந்தது. கூடவே ஜியோர்ஜியோ என்ற வேலையாள். 1874இன் பிற்பகுதியில் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி, குன்னூர் எல்லாம் பார்த்தார். இந்தியப் பயணத்தில் அவர் வரைந்த கோட்டோவியங்கள் இரண்டாயிரத்துக்கு அருகில் வரும். அவற்றில் பெரும்பகுதி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது.

அவருடைய முறை கவனிக்கத்தக்கது. இடத்தில் நின்று பென்சிலால் விரைவாகக் கோடு போடுவார். வண்ணம் தீட்ட நேரம் இல்லாததால் எந்த இடம் என்ன நிறம், எது பாறை, எது நெல் என்று படத்தின்மேலேயே சொல்லாக எழுதிவிடுவார். பிறகு இரவில் விளக்கடியில் அந்தக் கோட்டின்மேல் மை ஏற்றி மெல்லிய நீர்வண்ணம் பூசுவார். தைலவண்ணம் பல ஆண்டு கழித்து, இத்தாலியில் சான் ரெமோ வீட்டில் உட்கார்ந்து செய்வது. அங்கே அவர் பெரிய கான்வாஸில் எழுப்பிய இந்திய மலை கஞ்சன்ஜங்கா. நார்த்புரூக்குக்கு ஒன்று, ஆபர்டேர் பிரபுவுக்கு ஒன்று, ஆஷ்பர்டன் சீமாட்டிக்கு ஒன்று என்று மூன்று படங்கள். 1879 தேதியிட்ட ஒன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளது. கீழே அடர்ந்த காடு, மர இனப் பெரணிகள், சிறு வழிபாட்டிடம், அதனருகே மனிதர்கள். நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. வெகுதூரத்தில், தொடமுடியாத உயரத்தில் வெண்சிகரம்.

சிக்கிம் மக்களுக்கு கஞ்சன்ஜங்கா காவல்தெய்வம். லியருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தப் படத்தில் வணக்கத்துக்குரிய பொருள் கீழே உள்ள சிறு கட்டடம். மலை, தூரத்து அழகு. அந்தக் கால நிலக்காட்சி இலக்கணமே அப்படி. முன்னால் நிழல், நடுவே ஒளி, பின்னால் நீலம். பார்ப்பவர் ஓர் உயரமான இடத்தில், ஒரே இடத்தில், விலகி நிற்கவேண்டும்.

தமிழ்நாட்டில் அவர் போட்ட கோடுகளில் ஒன்றுகூட கஞ்சன்ஜங்கா அளவுக்குப் புகழ்பெற்ற பெரிய கான்வாஸாக வளரவில்லை. கேட்டவர்கள் வைசிராய்களும் சீமாட்டிகளும். வைசிராய்கள் கோடைக்குப் போன இடம் இமயம். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்களுக்கு அப்படி ஓரிடம் நீலகிரி. விக்டோரியா பட்டத்துக்கு வந்த அதே 1837இல் ரிச்சர்டு பாரன் என்ற படை அதிகாரி நீலகிரிக் காட்சிகளைத் தொகுப்பாக வெளியிட்டார். குளிர், பனிமூட்டம், புல்வெளி என்று இங்கிலாந்தை நினைவூட்டும் இடமாகப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். வெயிலில் காய்ந்த தென்னார்க்காட்டுக் கரடும் ஏரியும் பனையும் யாருக்கும் ஊரை நினைவூட்டவில்லை.

வழியும் ஒரு காரணம். ஓவியர்கள் பெரும்பாலும் ரயில் போன இடத்துக்கே போனார்கள். லியர் வந்த 1874இல் திருவண்ணாமலைக்கு ரயில் கிடையாது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பிவந்த பதினாறு வயது வேங்கடராமன் இறங்கியபோது இங்கே ரயில் நிலையம் இருந்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் ரமணர். விக்டோரியா இன்னும் அரியணையில்தான் இருந்தார். 1899 முதல் 1916வரை ரமணர் இருந்த விரூபாக்ஷ குகையிலிருந்தும், பிறகு 1922வரை இருந்த கந்தாசிரமத்திலிருந்தும் கீழே பார்த்தால் அண்ணாமலையார் கோயில் முழுதும் ஒரே பார்வையில் தெரியும். 217 அடி ராஜகோபுரமும் மற்றக் கோபுரங்களும், அவற்றைச் சுற்றி ஊரும், அதற்கப்பால் அடிவானம்வரை சமவெளியும். லியர் அந்தப் பாறையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க மனம் வந்திருக்காது.

லியருக்கு ஹேஸ்டிங்ஸ் ஊரில் ஒரு சிநேகித வீடு இருந்தது. மாலையில் போய்ப் பியானோ முன் உட்கார்ந்து பாடுவார். அந்த வீட்டுப் பெண் மரியான் நார்த். 1830இல் பிறந்தவர். தந்தை பாராளுமன்ற உறுப்பினர். திருமணம் செய்துகொள்ளாமல் தந்தையோடு இருந்த மரியான், 1869இல் அவர் இறந்தபின் வண்ணப்பெட்டியோடு உலகத்தைச் சுற்றத் தொடங்கினார். ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், சாராவாக், ஜாவா, இலங்கை. 1877இன் இறுதியில் தூத்துக்குடி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். தூத்துக்குடிக்கு ரயில் வந்து அப்போது இரண்டாண்டு கூட ஆகவில்லை. மதுரை பார்த்துத் தஞ்சாவூர் போய் அங்கே மாவட்ட நீதிபதி பர்னெலின் விருந்தினரானார். சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதிய அறிஞர் ஏ. சி. பர்னெல் அவர். இந்துக்கள் புனிதமாகக் கொள்ளும் செடிகொடிகளை வரைவது என்ற எண்ணம் அவர்கள் இருவருக்கும் இடையே வளர்ந்தது.

நார்த்தின் படங்களில் நான் அதிகநேரம் நிற்பது அவருடைய அமைப்புக்காக. தாளில் நேரடியாகத் தைலவண்ணம், திறந்தவெளியில், விரைவாக. செடியை முகத்துக்கு நேரே, பெரிதாக, தண்டும் பூவும் பூச்சியுமாக நிறுத்துவார். மலையோ கடலோ ஊரோ அதன் பின்னால் சின்னதாக இருக்கும். தாவரவியல் படம் என்றால் வெள்ளைத்தாளில் தனிச்செடி என்றிருந்த காலத்தில் அவர் செடிக்கு அதன் ஊரைத் திருப்பிக்கொடுத்தார். குறிஞ்சி, முல்லை என்று பூவை வைத்தே நிலத்துக்குப் பெயரிட்ட மொழிக்காரர்களுக்கு இது அந்நியமாகப் படாது. லியர் இந்த நாட்டை அதிகம் பார்த்தார். நார்த் நெருங்கிப் பார்த்தார். என் தேர்வு நார்த்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. அவர் வந்த நேரம் தாது வருடப் பஞ்சத்தின் நேரம். 1876 முதல் 1878வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. அந்தப் பஞ்சத்தைப் படமாக வைத்திருப்பவை டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த ஒளிப்படங்கள். எலும்புக்கூடாக உட்கார்ந்திருக்கும் நம் மக்கள். அந்தக் காலத் தைலவண்ண நிலக்காட்சியில் அவர்களுக்கு இடம் வைக்கப்படவில்லை. அழகான நிலம் என்று வரைந்தவர்கள் அதில் வாழ்ந்தவரை மரம்போல ஓர் அளவுகோலாக நிறுத்தினார்கள். இந்தக் குறையை எந்தக் கைத்திறமையும் ஈடுசெய்யாது.

நார்த் தன் படங்களுக்குத் தன் செலவிலேயே லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் ஒரு கூடம் கட்டினார். 1882இல் திறந்த அந்தக் கூடத்தில் 832 படங்கள் சுவரே தெரியாமல் அடுக்கியிருக்கின்றன. கட்டடத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஃபெர்குசன். திராவிடக் கோயில்களைப் பற்றி 1876இல் வெளியான தன் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் விரிவாக எழுதியவர் அவரே.

தமிழ் நிலம் கவனிக்கப்படாமல் போனதற்குக் கண்ணோட்டமும் காரணம் என்றால் ஜான் ரஸ்கினைப் பேசவேண்டும். மலையை எப்படிப் பார்ப்பது என்று ஒரு தலைமுறை ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1856இல் வந்த தன் 'நவீன ஓவியர்கள்' நூலின் நான்காம் தொகுதியில் பாறையின் மடிப்பையும் சரிவையும் அவர் விளக்கியிருக்கும் பொறுமை வியக்கவைக்கும். அதே ரஸ்கின், 1857 கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு பேசிய உரையில், இந்தியக் கலை இயற்கையை உள்ளபடி பார்க்காத கலை என்று சொல்லி, அதை அந்நாட்டு மக்களின் கொடுமைக் குணத்தோடு முடிச்சுப்போட்டார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. மலையை இறைவனாகவே வணங்கும் ஊர்கள் இங்கே உண்டு என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதற்கிடையே ஒளிப்படம் வந்துவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சை, திருச்சி, மதுரை, புதுக்கோட்டையைப் பெரிய கருவியோடு சுற்றிப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுப் பட்டையை 21 படங்களாக எடுத்து ஒரே நீளச் சுருளாக ஒட்டினார். இடத்தைப் பதிவுசெய்ய இனி ஓவியர் தேவையில்லை என்ற நிலை தமிழ்நாட்டில் சீக்கிரமே வந்தது.

ஆங்கிலேயர் கணக்கு இவ்வளவுதான். கதை நம்மவர் கைக்கு மாறும்போதுதான் எனக்கு உண்மையில் சுவாரசியம் தொடங்குகிறது.

திருவிதாங்கூர் அரண்மனையில் தைலவண்ணம் பழகிய ஓவியர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் அங்கே வந்தார். இவர்கள் வேலையைத் தூரத்தில் நின்று பார்த்தே கற்றவர் ரவிவர்மா. 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கியபின் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. ஆனால் நிலக்காட்சி என்றால் நாம் நினைக்கவேண்டியவர் அவர் தம்பி சி. ராஜராஜ வர்மா. 1860இல் பிறந்து 1905இல் இறந்தவர். விக்டோரியா காலத்து ஆங்கில முறையில் ஆறும் சாலையும் கடற்கரையும் வரைந்த இந்தியர்களில் முன்னோடி. அண்ணனோடு சேர்ந்தே பயணம் செய்தார், அண்ணன் படங்களில் கைகொடுத்தார், 1895 முதல் நாட்குறிப்பு எழுதினார். அந்த நாட்குறிப்பு அச்சாகியிருக்கிறது. அண்ணன் புகழின் நிழலில் தம்பி மறைந்துபோனது நியாயமில்லை.

அண்ணன் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து சரசுவதியும் லட்சுமியும் வீடுவீடாகப் போனார்கள். அந்தச் சரசுவதி உட்கார்ந்திருப்பது ஒரு பாறைமேல். பக்கத்தில் நீர், பின்னால் மரமும் மங்கிய தூரமும். ஐரோப்பிய நிலக்காட்சி இப்படித்தான் தமிழ்வீட்டுப் பூஜையறைக்குள் நுழைந்தது, சாமிக்குப் பின்னணியாக. நாடக மேடையிலும் அதுவே நடந்தது. பார்சி கம்பெனிகளைப் பார்த்து நம் நாடகக் கம்பெனிகளும் சீன் கட்டத் தொடங்கின. காட்டு சீன், தோட்டத்து சீன், தெரு சீன் என்று படுதாவில் தூரம் தெரிய எழுதினார்கள். ராஜபார்ட் முன்னால் நின்று பாடினார், நிலம் பின்னால் தொங்கியது.

இந்த இரண்டு வழியும் சந்தித்த மனிதர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் ஆங்கில முறையில் பயின்றவர். படிப்பு முடிந்தபின் அவர் வந்து சேர்ந்த இடம் வேறெங்குமில்லை, திருவண்ணாமலை. துறவு மனத்தோடு ரமணரிடம் வந்து சிலகாலம் இங்கே இருந்தார். பிறகு ஓவியத்துக்கே திரும்பினார். நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதினார். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய சீடர்களோடு அவர் அங்கே வரைந்த முருகனும் மீனாட்சி கல்யாணமும் பக்கத்துச் சிவகாசியில் காலண்டராக அச்சாகி தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. அந்தப் படங்களில் மயிலுக்குப் பின்னால் எழும் நீலமலையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரம், நீர்மேல் விழும் ஒளி, அந்தி மேகம் எல்லாம் சென்னைப் பள்ளியில் கற்ற ஆங்கில நிலக்காட்சி. ஆனால் அதில் யாரும் விலகி நின்று பார்ப்பதில்லை. சாமி நம்மை நேராகப் பார்க்கிறார். மலை அவருக்குத் துணையாக நிற்கிறது.

திருவண்ணாமலையில் மட்டும் இந்த ஏற்பாடு நிற்காது. இங்கே மலையே சாமி. அதைப் பின்னால் தள்ளி முன்னால் யாரை நிறுத்துவது? அதை முன்னால் நிறுத்தினால் பின்னணிக்கு என்ன மிச்சம்? இந்த ஊர்ப் படக்கடைகளில் ஓவியங்கள் தடுமாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். லியரின் இலக்கணம் ஒரே இடத்தில் நிற்கச் சொல்கிறது. 2,668 அடி உயர இந்த மலை பதினான்கு கிலோமீட்டர் நடக்கச் சொல்கிறது. ஆசிரமத்துப் பக்கம் ஒரே உச்சியாகத் தெரிவது, நடக்க நடக்க இரண்டாகும், மூன்றாகும், பஞ்சமுக தரிசனம் என்று ஓரிடத்தில் ஐந்தாகும். இதில் எந்த ஒன்றை மலை என்று கான்வாஸில் எழுதுவது?

மலையும் ஒரே நிறத்தில் நிற்கவில்லை. பழைய ஒளிப்படங்களில் ரமணருக்குப் பின்னால் தெரிவது மரமற்ற மொட்டைப் பாறை. கடந்த சில பத்தாண்டுகளில் ஊர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து மரம் நட்டு, கோடைத் தீயை அணைத்து, சரிவுகளில் பச்சையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன் வரைந்த படமும் இன்று வரையும் படமும் ஒரே மலையைக் காட்டாது.

என் முடிவு இது. விக்டோரியா கால நிலக்காட்சி ஓவியம் தமிழ்நாட்டில் தோற்கவில்லை, தன் இடத்தை மாற்றிக்கொண்டது. கண்காட்சிச் சுவரைவிட்டு இறங்கி, படுதாவாகவும் காலண்டராகவும் சாமிக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே நின்றதாலேயே அதை ஓவிய வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலம் எண்ணிப்பார்க்கவில்லை. லியரின் கோடுகளுக்கு ஹார்வர்டில் குளிரூட்டிய அறை இருக்கிறது. நார்த்தின் செடிகளுக்குக் கியூவில் கூடம் இருக்கிறது. கொண்டையராஜுவின் அச்சுப்படங்கள் நம் வீட்டுப் பரணில், எண்ணெய்ப் பிசுக்கோடு, கரையான் பக்கத்தில் இருக்கின்றன.

வீட்டை வெள்ளையடிக்கும்போது பழைய காலண்டர் சாமிப்படம் கிடைத்தால் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். கீழ்மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். கொண்டையராஜு என்றோ அவர் சீடர் பெயரோ இருந்தால், பெரியவர்களிடம் அது எந்த வருடம், எந்தக் கடை கொடுத்தது என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்.